அப்பா தட்டியது கேட்டது, ஆனாலும் எழவில்லை. இரவைச் சமாளித்தவர்கள் வழி சொல்லுங்கள்

செல்வி, திண்டுக்கல்:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது, "ம்", "வா" இரண்டும்தான் மிச்சம். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஆகவே எங்களுக்குள் ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். இடது கையில் ஓர் எவர்சில்வர் கரண்டி. கட்டில் கம்பியில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். விடாமல் தட்டினால் வா. பஸ்ஸில் விசில் ஊதிய அதே கணக்கு.

அம்மா இல்லை. கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் பத்தாம் வகுப்பு. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். காலை ஐந்தரைக்குத் துணி மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, தலையணை அடுக்கி உட்காரவைத்துக் கேழ்வரகுக் கூழ் கொடுக்க நாற்பது நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். இப்படியே மதியம், இப்படியே இரவு. நடுவில் தைத்தால்தான் உண்டு. போன தீபாவளிக்கு வந்த துணியில் பதினொன்றைத் தைக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

பகலைச் சமாளித்துவிடுவேன். இரவுதான் என்னைத் தின்கிறது. டயப்பர் கட்டினால் தொடை இடுக்கு வெந்துபோகிறது என்று இரவில் துணிதான் போடுகிறேன். நான்கு முறை, ஐந்து முறை எழ வேண்டியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கரண்டிச் சத்தம் கேட்டது. நான் விழித்துத்தான் இருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பதினொரு நிமிடம். தட்டித் தட்டி, பிறகு மெதுவாகத் தட்டி, பிறகு நிறுத்திவிட்டார். போய் விளக்கைப் போட்டபோது முதுகு வரை நனைந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் காது வரைக்கும் ஓடிக் காய்ந்திருந்தது.

அன்றிலிருந்து என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சித்தியிடம் சொன்னேன். "பெற்ற அப்பாவுக்குச் செய்வதில் என்னடி அலுப்பு, புண்ணியம்தானே" என்றார். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மாதம் எட்டாயிரம் அனுப்புகிறார். ஞாயிறுதோறும் பேசுகிறார், "என்ன வேண்டுமோ கேள்" என்கிறார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாகர்கோவில்காரன்:

சகோதரி, மறதி நோய் வந்த என் அம்மாவை ஆறு வருடம் பார்த்தவன் நான். மூன்றாவது வருடம் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 180/110 என்று எழுதினார்கள். அம்மாவின் மாத்திரைப் பெட்டியை நாள் தவறாமல் நிரப்பிய நான் என் அழுத்தத்தை மூன்று வருடமாகப் பார்த்ததே இல்லை.

அந்தப் பதினொரு நிமிடம் பாவம் இல்லை. பதினான்கு மாதமாக ஓர் இரவுகூட முழுதாகத் தூங்காத உடம்பு அன்றைக்கு மறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணனிடம் என்ன கேட்பது என்கிறீர்கள். "உதவி வேண்டும்" என்று கேட்டால் பணம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. என் தங்கைகள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு என் நாள் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு வாரம் நாற்பது பக்க நோட்டில் மணி போட்டு எழுதினேன். 2.15, அம்மா கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தாள். 2.50, மறுபடியும். 4.05, என்னை யார் என்று கேட்டு அடித்தாள். படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். திட்டவில்லை, கெஞ்சவில்லை. கீழே ஒரே வரி: "மாதத்தின் இரண்டாம் சனி காலை ஒன்பது முதல் ஞாயிறு மாலை ஆறு வரை ஒருவர் இங்கே இருக்க வேண்டும், நான் வீட்டில் இருக்க மாட்டேன்." கடைசி நான்கு வார்த்தைகளை எழுதத்தான் எனக்கு மூன்று வருடம் ஆனது. நாம் வீட்டில் இருந்தால் வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போவார்கள். நாள், மணி, வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, மதுரை:

அம்மாடி செல்வி, மனதுக்கு மற்றவர்கள் சொல்லட்டும். நான் இரவுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் தூக்கம் வந்தால் பாதி மனது தானே சரியாகும்.

முதலில் தண்ணீர். ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்காதே, நேரத்தை மாற்று. பெரும்பகுதியை மாலை ஐந்துக்குள் கொடுத்து முடி. நீர் பிரியும் மாத்திரை எதையாவது மாலையில் கொடுத்துக்கொண்டிருந்தால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். இரவுக்கு மட்டும் ஆண்களுக்கு வெளியே மாட்டும் உறைக்குழாய் இருக்கிறது. மருந்துக் கடையில் காண்டம் கதீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். உள்ளே நுழைக்கும் குழாய் இல்லை, பயப்படாதே. அளவு சரியாக இருக்க வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது, காலையில் அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துத் தோலைக் கழுவி ஈரமில்லாமல் உலரவிட வேண்டும். முதல் தடவை ஒரு நர்ஸ் மாட்டிக் காட்டட்டும்.

திருப்பிப் படுக்கவைப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று சொல்லியிருப்பார்கள். காற்று மெத்தை போட்டு, தோலைப் பார்த்து, இரவில் இடைவெளியை நீட்டலாமா என்று கேள். நீயாக நீட்டாதே. வாலெலும்புக்கு மேலே, குதிகாலில், இடுப்பெலும்பில் தினமும் விரல் வைத்து அழுத்திப் பார். சிவப்பு மறையாமல் நின்றால் புண்ணுக்கு அதுதான் ஆரம்பம்.

அவரைக் கையைப் பிடித்துத் தூக்குகிறாயா? விழுந்த கையை இழுத்தால் தோள்பட்டை இறங்கிவிடும், வலியைச் சொல்லவும் அவரால் முடியாது. ஒரு பருத்திப் போர்வையை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் போட்டு வை. திருப்பும்போது அவருடைய முழங்காலை மடக்கிவிட்டு, போர்வையைப் பிடித்து உன் பக்கம் இழு. கட்டில் உயரம் உன் இடுப்பளவு இருக்கட்டும். குனிந்து குனிந்துதான் மகள்களின் முதுகு போகிறது. எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே வருகிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, காசு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைக் கொடு. அவர்கள் வரும் நாளில் உன் கையையும் நீட்டி அழுத்தம் பார்க்கச் சொல். இரவில் நெஞ்சு அடைத்துக்கொண்டு வருகிறதென்றால் 14416 எண்ணில் பேசு. அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

சென்னையிலிருந்து ஒரு தம்பி:

அக்கா, நான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவன். உங்கள் அண்ணன் இடத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

என் அக்கா ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போனாள். சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். முதல் இரவு அப்பாவின் வேட்டியை மாற்ற வேண்டியிருந்தது. நாற்பது வயதில் அப்பாவை முதன்முறையாக அப்படிப் பார்த்தேன். என் கை நடுங்கியது. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை நான் வராமல் இருந்ததற்கு வேலை, லீவு என்றெல்லாம் காரணம் சொல்லி வந்தேன். உண்மையில் இந்தப் பயம்தான். எப்படிச் செய்வது என்று தெரியாது, தெரியாது என்று அக்காவிடம் சொல்ல வெட்கம். உங்கள் அண்ணனுக்கும் அப்படி இருக்கலாம். முதல் முறை வரும்போது அரை நாள் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுங்கள். அதன் பிறகு நாகர்கோவில் அண்ணன் சொன்னதுபோல் கிளம்பிவிடுங்கள். தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள், கூழின் பதம் முதற்கொண்டு.

செல்வி, திண்டுக்கல் (மூன்று வாரம் கழித்து):

பதில் எழுத நேரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

நோட்டில் ஐந்து நாள்தான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை நடந்ததையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன். அண்ணன் அன்று இரவே கூப்பிட்டார், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. போன வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை விடிகாலையில் வந்துவிட்டார். மாதம் ஒரு முறை வருவதாகச் சொல்லியிருக்கிறார்; ஒவ்வொரு மாதமும் நடக்குமா என்று பார்க்க வேண்டும்.

உறைக்குழாய் இரண்டு நாள் கழன்று கழன்று வந்தது. சிறிய அளவு வாங்கிய பிறகு நிற்கிறது. இப்போது இரவில் இரண்டு தடவைதான் எழுகிறேன். கட்டிலை மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பார்த்தார், எனக்கு 150/96 இருக்கிறது. மாத்திரை தொடங்கியாகிவிட்டது.

அந்த இரவுக்காக அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலை துவட்டிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. அவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடுவிக்கவே வெகுநேரம் ஆனது.

சனிக்கிழமை மதியம் அண்ணனுக்கு மூன்று தடவை திருப்பிக் காட்டினேன். நான்காவது தடவை அவரே செய்தார். போர்வை நழுவி அப்பா கொஞ்சம் சரிந்தார், நான் ஓடப் போனேன், அண்ணன் பிடித்துவிட்டார். தோழி வீட்டில் இரவு தங்கப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். செருப்புப் போட்ட பிறகும் வாசலிலேயே நின்றேன். கால் நகரவில்லை.

உள்ளே இருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.