டிரெய்லர் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது: கண்ட்ரோலரா, வயரா, ஷூவா?

டென்வர்வாசி:
வணக்கம். போன வருடம் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். 24 அடி, இரண்டு ஆக்ஸில், நான்கு சக்கரத்திலும் 10 அங்குல எலக்ட்ரிக் டிரம் பிரேக். இழுப்பது ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் பிரேக் கண்ட்ரோலர் வண்டியோடு வந்தது.

ஊருக்குள் ஓட்டும்போது பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை தாண்டி சில்வர்தார்ன் பக்கம் இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் மிதிக்க மிதிக்க டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தது. கெய்னை (டிரெய்லர் பிரேக் எவ்வளவு வலுவாகப் பிடிக்க வேண்டும் என்ற அளவு) 10 வரை ஏற்றியாகிவிட்டது. கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்தினால் லேசாக இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். திரையில் எந்தப் பிழையும் வரவில்லை, டிரெய்லர் இணைந்திருப்பதாகவே காட்டுகிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். வண்டியைப் பார்க்காமலேயே கண்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார்கள். பணத்தைக் கொட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சாலையோரம்:
நான்கு சக்கரத்துக்கும் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டை), அதை விரிக்கும் மின்காந்தமான மேக்னெட், இவற்றைத் தாங்கும் பின்தட்டு எல்லாம் சேர்ந்த முழு செட் கிடைக்கிறது. 10 அங்குலம் என்றால் சக்கரத்துக்கு நான்கு போல்ட், இரண்டு வயர். ஷூவை மட்டும் தனியாக வாங்கி ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம். மொத்தமாக மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஆக்ஸில் அண்ணாச்சி:
முழு செட் நல்ல யோசனைதான். ஆனால் வயரில் கோளாறு இருந்தால் புது பிரேக்கும் இதே மாதிரிதான் பிடிக்கும். முதலில் கோளாறு டிரக்கிலா டிரெய்லரிலா என்று பிரித்துவிடுவோம் தம்பி. அதற்குக் காசே வேண்டாம்.

டிரெய்லர் முகப்பில் பிரேக்அவே சுவிட்ச் இருக்கும். கொக்கி கழன்றால் அதில் செருகிய ஊசி போன்ற பின் உருவிக்கொண்டு பிரேக் தானாகப் பிடிக்கும், அந்த சுவிட்ச்தான். டிரெய்லர் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து கொள்ளுங்கள். டிரக்கிலிருந்து 7 பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் கண்ட்ரோலருக்குள் திரும்பிப் போகும். ஆக்ஸிலை ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழலவிட்டுப் பின்னை உருவச் சொல்லுங்கள். டக்கென்று நிற்க வேண்டும். நான்கும் அப்படி நின்றால் டிரெய்லர் பக்கம் பெரிய குறை இல்லை, டிரக்கைப் பார்க்கலாம். சோம்பலாக நின்றாலோ நிற்காமல் ஓடினாலோ கண்ட்ரோலரைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஆம்ப் பாருங்கள். இந்த அளவு மேக்னெட் ஒன்று ஏறக்குறைய 3 ஆம்ப் இழுக்கும், நான்குக்கும் சேர்த்து 12. சாதா மல்டிமீட்டரின் ஆம்ப் துளையில் 10 ஆம்ப் ஃபியூஸ்தான் இருக்கும், போய்விடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள். மலிவான கிளாம்ப் மீட்டர் பலதும் ஏசி மட்டும்தான் காட்டும், அட்டையைப் படித்து வாங்குங்கள். கண்ட்ரோலர் கரண்டைத் துண்டு துண்டாக அனுப்புவதால் அதன் வழியாக அளந்தால் மீட்டர் ஏமாற்றும். பிரேக்அவே வழியாக வருவது நேர் பேட்டரி கரண்ட், அதை நம்பலாம். பின்னை ரொம்ப நேரம் உருவி வைக்க வேண்டாம், மேக்னெட் சூடாகும்.

டென்வர்வாசி:
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. மொத்தம் 8.3 ஆம்ப். பின் ஆக்ஸில் வலது சக்கரத்தில் சுத்தமாகப் பூஜ்யம், பிரேக்கே இல்லாதது போல ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்ற மூன்றிலும் 2.7, 2.8. அந்தப் பூஜ்ய சக்கரத்தின் மேக்னெட்டைத் தனியாகக் கழற்றி அளந்தால் 3.4 ஓம். மேக்னெட் செத்துவிட்டதா?

ஆக்ஸில் அண்ணாச்சி:
3.4 ஓம் என்றால் உயிரோடுதான் இருக்கிறது. கரண்ட் அங்கே போய்ச் சேரவில்லை. நிறைய டிரெய்லர்களில் இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் வயர் ஆக்ஸில் குழாய்க்குள்ளேயே கிடக்கும். ஓடும்போது ஆடி ஆடி, குழாயின் வாயில் உரசி அறுந்துவிடும். சில சமயம் செம்பு வெளியே தெரிந்து ஆக்ஸிலைத் தொட்டு ஷார்ட் ஆகும், அப்போதாவது கண்ட்ரோலர் கத்தும். உங்களுக்கு அறுந்திருக்கிறது, அதனால்தான் சத்தமில்லை.

குழாய்க்குள் புது வயர் விடாதீர்கள். 12 கேஜ் இரட்டை வயரை ஆக்ஸிலின் மேல்பக்கமாக, உறை போட்டு, வெளியே கொண்டுபோங்கள். கிரவுண்டுக்குச் சட்டத்தை நம்பாமல் வெள்ளை வயரையும் கூடவே இழுங்கள். மேக்னெட்டின் இரண்டு வயரில் எது நீலத்துக்கு (பிரேக் கரண்ட் வரும் வயர்), எது வெள்ளைக்கு (கிரவுண்ட்) என்ற கவலை வேண்டாம், எப்படிச் சேர்த்தாலும் வேலை செய்யும். பழைய நீலக் கிளிப் இணைப்புகள் இருந்தால் அத்தனையும் வெட்டி எறிந்துவிட்டு, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை போட்ட கிரிம்ப் (நெரித்து இறுக்கும் இணைப்பு) போடுங்கள். அந்தக் கிளிப்புக்குள் பச்சைக் களிம்பு பிடித்தால் வோல்ட் பாதியில் தொலைந்துவிடும்.

மலைச்சரிவு:
இடையில் ஒன்று. அந்த இறக்கம் 7 சதவீதம். பிரேக் சரியான பிறகும் டோ/ஹால் மோட் (டிரக்கில் பாரம் இழுப்பதற்கான கியர் அமைப்பு) போட்டுக் கீழ் கியரில்தான் இறங்க வேண்டும். டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறி, நல்ல பிரேக்கும் மங்கிவிடும்.

டென்வர்வாசி:
சரி, இனி அப்படியே இறங்குகிறேன். வயர் வெளியே போட்டாகிவிட்டது. குழாயிலிருந்து உருவிய பழைய வயரில் உறை ஓர் இடத்தில் முழுக்கத் தேய்ந்து, செம்பு இற்றுப் போயிருந்தது. இப்போது மொத்தம் 11.4 ஆம்ப். ஆனால் முன் ஆக்ஸில் இடது சக்கரம் 2.8 ஆம்ப் இழுத்தும், பின்னை உருவிய நிலையிலேயே கையால் திருக முடிகிறது!

ஆக்ஸில் அண்ணாச்சி:
ஆம்ப் சரி என்றால் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் பொருள். மேக்னெட் டிரம்மின் முகத்தில் ஒட்டி, கூடவே இழுபட்டு, நெம்புகோலைத் தள்ளி, ஷூவை விரிக்க வேண்டும். அந்த வழியில் எண்ணெய்ப் பசை இருந்தால் கரண்ட் வீண். டிரம்மைக் கழற்றுங்கள், உள்ளே கிரீஸ் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

டென்வர்வாசி:
பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்! பேரிங்கின் பின்பக்க சீல் வழியாகக் கசிந்து ஷூ, மேக்னெட் எல்லாம் அல்வா மாதிரி கிரீஸ். பழைய உரிமையாளர் மூடியைத் திறந்து கிரீஸ் கன்னால் அடித்திருக்கிறார் போல. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதுமா?

ஆக்ஸில் அண்ணாச்சி:
டிரம்மைத் துடைக்கலாம். ஷூ கிரீஸைக் குடித்துவிட்டது, சூடானதும் திரும்பக் கக்கும். இங்கேதான் சாலையோரம் சொன்ன முழு செட். முன் ஆக்ஸிலுக்கு இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் இழுக்கும். செட்டில் இடது, வலது வேறு வேறு. சிறிய ஷூ முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சீலும் புதிதாகப் போடுங்கள்.

பின் ஆக்ஸில் டிரம்மையும் கழற்றி மேக்னெட்டின் முகத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சமமாக இல்லாமல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

தட்டின் பின்னால் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, டயரைக் கையால் சுற்றவே முடியாத அளவு இறுக்கி, பிறகு லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். டயரை முன்னோக்கி மட்டுமே சுற்றுங்கள். காலி ரோட்டில் 40 மைல் வேகத்திலிருந்து 20க்கு, டிரெய்லர் பிரேக்கால் மட்டும், 20 தடவை இறக்குங்கள். நடுவே ஆறவிடுங்கள். ஷூ டிரம்மில் அப்போதுதான் படியும். 200 மைல் போனதும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள், அதற்குப் பிறகு 3,000 மைலுக்கு ஒருமுறை. தானாக இறுகும் ரகம் என்றால் இது தேவையில்லை.

டென்வர்வாசி:
எல்லாம் முடிந்தது. 25 மைலில் கைப்பிடியை மட்டும் அழுத்தினால் டிரக்கையும் சேர்த்து நிறுத்துகிறது. கெய்ன் 6.5இல் இருக்கிறது, அதற்கு மேல் போனால் டயர் கீச்சிடுகிறது. பேரிங்குக்கு இனி கிரீஸ் எப்படி வைப்பது?

ஆக்ஸில் அண்ணாச்சி:
வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 12,000 மைலுக்கு, பேரிங்கைக் கழற்றிக் கையால் வையுங்கள். எப்படியும் டிரம் திறந்திருக்கும், ஷூவையும் பார்த்துவிடலாம். சக்கரத்தைத் திரும்ப மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.