அலைன்மென்ட் முடிந்தும் ஸ்டியரிங் கோணலாக நின்ற அனுபவம் உண்டா?

தாம்பரம் கார்க்காரர்

செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் மழைநீர் தேங்கிய குழியில் இடது முன்சக்கரம் இறங்கியது. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்: கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து திருத்தும் வேலை, செய்தேன். திரையில் எல்லாம் பச்சை, அதாவது அளவுகள் சரி, அச்சிட்ட தாளும் கையில் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் சாய்வு அப்படியே இருக்கிறது. வண்டியைத் திருப்பி அதே கடைக்குப் போனேன்.

ஒரு பையன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கின் பின்புறத் துளையில் நீளமான ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஹாரன் மூடியை நெம்பத் தொடங்கினான். அந்த மூடிக்குள்தான் ஏர்பேக், மோதலில் நொடியில் வெடித்து விரியும் காற்றுப் பை, இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றவில்லை. சாவி ஆன் நிலையில் இருக்கிறது, டாஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன. அவன் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"என்ன தம்பி செய்கிறாய்?" என்றேன். "ஸ்டியரிங்கைக் கழற்றி, தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டினால் நேராகிவிடும் சார். எல்லா வண்டிக்கும் இப்படித்தான் செய்கிறோம்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தி, கீழே இறங்கச் சொன்னேன்.

என் கார் இன்னும் கோணல்தான், அதைச் சரிசெய்துகொள்ளலாம். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மூடிக்குள் இருப்பது என்ன என்று அவனுக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அது என் மனத்தைவிட்டுப் போகவே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பொள்ளாச்சிக்காரன்

நேர்ந்திருக்கிறது, ஏர்பேக் இல்லாத பழைய மாருதி 800-இல். அந்தக் காலத்தில் ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டுவது ஆபத்தில்லாத வேலைதான், ஆனாலும் தவறான வேலை. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டைஊசி வளைவுகள். இடப்பக்க வளைவுகளில் வண்டி சுலபமாகத் திரும்பியது. வலப்பக்க வளைவில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தும் மூக்கு உள்ளே வரவில்லை. பின்னால் அரசுப் பேருந்து, முன்னால் தடுப்புச் சுவர், மடியில் குழந்தையோடு மனைவி. பின்னுக்கு எடுத்து மறுபடி ஒடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. பேருந்து ஓட்டுநர் பொறுமையாக நின்றார், அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்.

கீழே வந்து பார்த்தால் காரணம் இதுதான். கடையில் ஒரு பக்க டை ராடை (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) மட்டும் திருகித் திருகி, டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவு) பச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகர்ந்து டை ராடுகளைத் தள்ளும் பல்சட்டம்) நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது. அந்தக் கோணலை மறைக்க ஸ்டியரிங்கைப் பல் மாற்றி மாட்டிவிட்டார்கள். பார்வைக்கு நேர், உள்ளே கோணல். ஒரு பக்கம் அதிகம் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். இண்டிகேட்டரும் ஒரு பக்கம் முன்னதாகவே அணைந்துவிடும்.

நெல்லை நெடுஞ்சாலை

எனக்கு முன்சக்கரத்தில் எந்தக் குறையும் இல்லை. பழைய கார் வாங்கினேன், ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. போன கடையில் எல்லாம் முன்சக்கரத்தை மட்டும் அளந்து, திருகி, காசு வாங்கிக்கொண்டார்கள். கோவில்பட்டி தாண்டி மழை விட்ட நேரம், பின்னால் பைக்கில் வந்த என் மைத்துனர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "அத்தான், உங்கள் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது" என்றார். இறங்கிப் பார்த்தேன். ஈரச் சாலையில் முன்சக்கரத் தடத்தின் மேல் பின்சக்கரத் தடம் விழவில்லை, நான்கு விரல் விலகி விழுந்திருந்தது.

மதுரையில் ஒருவர் நான்கு சக்கரத்திலும் கருவி மாட்டி அளந்தபோதுதான் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலே வளைந்திருப்பது தெரிந்தது. அடிபட்ட வண்டியை மறைத்து விற்றிருக்கிறார்கள். பின்சக்கரங்கள் ஒரு திசையில் தள்ளினால் நாம் ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பின்பக்க அளவைத் திருத்தத் திருகே கிடையாது. ஆக்சிலை மாற்றினேன், தீர்ந்தது. விற்றவர் இன்னும் அதே தெருவில் எதிர்ப்படுகிறார், நலம்கூட விசாரிக்கிறார்.

பணிமனை மூத்தவர்

பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஓட்டுநர் ஒருவர் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். இடது டயரில் காற்றுக் குறைவு, வேறு ஒன்றும் இல்லை. அவரைச் சக ஊழியர்கள் கேலி செய்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. எழுதிக்கொடுத்தவர் சரியாகத்தான் செய்தார்.

இங்கே எழுதுகிற எல்லோருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு, வண்டி நேராகப் போய் ஸ்டியரிங் சாய்ந்து நிற்பது வேறு. இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு பிரேக் ஒரு சக்கரத்தில் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. ஒரே திசையில் சுழல வேண்டிய டயருக்கு இந்தச் சோதனை ஆகாது. நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கையை விட்டால் வண்டி மெல்ல இடப்பக்கம் நகர்வது இயல்பு. அதற்காகக் கடைக்கு ஓடாதீர்கள். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. அதை அலைன்மென்ட் தீர்க்காது.

சாய்வுக்கு வருகிறேன். சிறிய கார்களில் ஸ்டியரிங் சுமார் பதினைந்து டிகிரி திரும்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். ஆகவே சக்கரத்தில் அரை டிகிரி பிசகினாலே ஸ்டியரிங்கில் ஏழெட்டு டிகிரியாகக் கண்ணில் படும். பல் தள்ளுவது ஏன் பயன்படாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்குப் பத்து டிகிரி. நான்கு டிகிரி சாய்வைப் பல் தள்ளித் திருத்தினால் மறுபக்கம் ஆறு டிகிரி சாயும். முறையான வழி ஒன்றே: ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்ட வேண்டும், ஒரு பக்க டை ராடைக் குறைக்கிற அதே அளவுக்கு மறுபக்கத்தைக் கூட்ட வேண்டும். மொத்த டோ மாறாது, ஸ்டியரிங் மட்டும் நேருக்கு வரும். இதற்கு முன்பாக சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கிற வண்டிக்கு எடுத்த அளவு அந்தத் தாளில் மட்டும்தான் நிற்கும், அடுத்த வேகத்தடை வரைகூட வண்டியில் நிற்காது.

பொள்ளாச்சித் தம்பி சொன்னதை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. டயர் அளவைப் பெரிதாக மாற்றினாலும் வண்டி முழுதாகத் திரும்பாது. அதைப் பார்த்தாரா?

சேலத்து வாசகி

என் அனுபவம் சிறியது. அலைன்மென்ட் முடிந்து வீட்டுக்கு வரும்வரை ஸ்டியரிங் நேராக இருந்தது. நாள் போகப் போகச் சாயத் தொடங்கியது. குழியில் இறங்கினால் "டொக்" என்று ஓர் ஒலி. கடையில் கேட்டால், "மேடம், நீங்கள் ஓட்டுகிற விதம் அப்படி" என்றார்கள். ஸ்டியரிங்கை ஒருபக்கம் ஒடித்து நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். டை ராடு முழுவதும் துரு. ஒரே ஓரிடத்தில், அளவு மாறாமல் பூட்டும் லாக் நட்டை ஒட்டி, மரை புதிதாகப் பளபளத்தது. நட்டை இரண்டு விரலால் பிடித்தேன், சுழன்றது. அளவு வைத்தவர் பூட்டாமல் விட்டுவிட்டார்! படம் எடுத்துக் காட்டியதும் பேசாமல் மறுபடி அளவு வைத்து முறுக்கிக் கொடுத்தார்கள். ஓட்டும் விதத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

பொள்ளாச்சிக்காரன்

மூத்தவர் ஐயாவுக்கு: டயர் அளவை மாற்றவில்லை. கம்பெனி கொடுத்த அதே அளவுதான். ஒரு பக்க டை ராடில் வெளியே தெரிந்த மரை மறுபக்கத்தைவிட அரை விரல்கட்டை கூடுதல். இரண்டையும் சமப்படுத்தி, ஸ்டியரிங்கைப் பழைய பல்லில் மாட்டியதும் இரு பக்கமும் ஒரே மாதிரி ஒடிந்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பணிமனை மூத்தவர்

அப்படியானால் தம்பி சொல்வதே சரி. மரையை ஒப்பிட்டுப் பார்த்ததை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

சேலத்து அம்மாவுக்கு ஒன்று. நட்டை முறுக்குபவர் டை ராடு எண்டை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேக்கின் ரப்பர் உறை முறுக்கிக்கொண்டு நின்றால் அதையும் நேராக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கிழிந்து மண் உள்ளே போகும்.

சேலத்து வாசகி

உறையைப் பார்த்துவிட்டேன் ஐயா, கிழியவில்லை. இரண்டாம் முறை அவர் முறுக்கி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

தாம்பரம் கார்க்காரர்

வேறு கடையில் முடித்துவிட்டேன். அங்கே இருந்த பெரியவர் முதலில் காற்றை அளந்தார், பிறகு நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டினார். ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, இருக்கைக்கும் அதற்கும் நடுவே இரும்புத் தாங்கி வைத்துப் பூட்டினார். முதல் கடையில் அந்தத் தாங்கியை நான் பார்க்கவே இல்லை. இரு டை ராடுகளையும் மாறி மாறித் திருகினார். கடைசியில் ஸ்கேனரைச் செருகி, ஸ்டியரிங் கோண சென்சாருக்கு நடு எது என்று பதிய வைத்தார். சறுக்கல் கட்டுப்பாடு உள்ள பல கார்களில் இது தேவையாம். இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்புண்டு.

இப்போது ஸ்டியரிங் நேர். ஆனால் முதல் கடைக்கு மறுபடி போனேன். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் எதுவானாலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம் இருக்கும், பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அந்த மூடியில் கைவைக்க விடாதீர்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. பையன் அன்று வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போவேன். அவனிடமே நேரில் சொல்ல வேண்டும்.

நெல்லை நெடுஞ்சாலை

போகும்போது சேலத்தவர் சொன்னதையும் அவனிடம் காட்டுங்கள். மதுரைக்காரர் முறுக்கி முடித்ததும் லாக் நட்டிலிருந்து டை ராடு எண்டுவரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டார். நட்டு இளகினால் கோடு விலகி நிற்கும், குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு கோட்டுக்கான பெயின்டுக்குப் பெரிய செலவும் இல்லை.