2 கிராம் ஜிக் ஹெட், கரையிலிருந்து சின்ன கடல்மீன்: வால் மட்டும் காணாமப் போகுது, என்ன தப்பு?

செல்லூர்_தூண்டி கேட்டது:

அண்ணன்மாரே, கண்மாய்ல விராலுக்குத் தவளை லூர் (போலி இரை) போட்டுப் பழக்கம். கடல்ல சின்ன லூர் எனக்குப் புதுசு. பெரிய மீனுக்கு ஆசைப்படல. கீச்சான், பாறைக்குட்டி, கிழங்கான், களவாக்குட்டி, இதுகளைக் கரையில நின்னே பிடிக்கணும், அவ்வளவுதான்.

கையில இருக்கிறது: ஆறரை அடி ராட், 2–8 கிராம் லூர் வீசுறதுக்கானது. ரீல் 2000 சைஸ். கண்மாய்க்குப் போட்ட அதே 30 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்). அது நுனியில ஸ்னாப் வச்ச ஸ்விவல் (சுழலுற இணைப்பு), அதுல 2 கிராம் ஜிக் ஹெட் (எடைத் தலை வச்ச கொக்கி), 2 அங்குல ரப்பர் மீன்.

சிக்கல் நாலு. ஒண்ணு, 15 மீட்டரைத் தாண்டி விழல. ரெண்டு, ஜிக் தரைக்குப் போகுதா இல்லையானே தெரியல. மூணு, டொக்கு டொக்குனு தட்டுது, எடுத்துப் பாத்தா வால் இல்ல. வெட்டுன இடம் கத்தரியில நறுக்குன மாதிரி அரைவட்டமா இருக்கு. நாலு, பத்து வீச்சுக்கு ஒரு தடவை நூல் பந்தாச் சுத்திக்குது.

மதுரையில இருந்து விடியுறதுக்கு முன்னாடி கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். தொண்டி போறதா, மண்டபம் போறதா?

ரெண்டுகிராம்:

தம்பி, முதல் ரெண்டு சிக்கலுக்கும் வேர் ஒண்ணுதான்: அந்த 30 பவுண்டு நூல். அல்லிக்கொடிக்குள்ள இருந்து விராலைப் பிடுங்க அது வேணும். இங்க அதுவே பகை. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அவ்வளவு நூலைக் காத்துல இழுத்துட்டுப் போற தெம்பு 2 கிராம் ஜிக்குக்குக் கிடையாது. விழுந்த பிறகும் தொல்லை தீராது. பிரெய்ட் மிதக்கும், தடிச்ச நூலைக் காத்து பக்கவாட்டுல தள்ளி வில்லா வளைக்கும், அந்த வளைவு ஜிக்கை மேல தூக்கிட்டே இருக்கும். தரையில கிடக்குனு நீங்க நினைக்கிறப்ப அது ஒரு அடி ஆழத்துல நீந்திட்டு இருக்கும்.

பி.ஈ. 0.6 அளவு பிரெய்ட் நூல் வாங்குங்க. தடிமன் 0.128 மில்லிமீட்டர், பழசுல பாதி. 150 மீட்டர் போதும். 2000 ஸ்பூல் அதுல நிறையாது, அதனால அடியில பழைய பிரெய்டையே சுத்தி மேல இதைக் கட்டுங்க. ஸ்பூல்ல முதல் சுத்துக்கு ஒரு துண்டு டேப் ஒட்டணும், இல்லன்னா பிரெய்ட் மொத்தமா வழுக்கிச் சுத்தும், டிராக் (மீன் இழுத்தா நூலை வழுக்க விடுற ரீல் பாகம்) கெட்டுப்போச்சுனு ரீலைக் கழட்டிட்டு உட்காருவீங்க. விளிம்புக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழயே நிறுத்துங்க.

லீடர், அதாவது பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவுல கட்டுற நூல், ஃபுளோரோகார்பன் 8 பவுண்டு, ஒரு மீட்டருக்குள்ள. கல்லுக்கிட்டன்னா 10 அல்லது 12. ஸ்விவலைத் தூக்கிப் போடுங்க. 2 கிராம் ஜிக் முன்னாடி ஸ்விவலும் ஸ்னாப்பும் தொங்குனா மூக்கு கீழ சாயும், ரப்பர் மீன் செத்த மீனாத்தான் வரும். லீடர் நுனியில சின்ன லூப் முடிச்சுப் போட்டு ஜிக்கை நேரா கட்டுங்க. இவ்வளவு மாத்துனாலே இதே ராட்ல 25 மீட்டர் தாராளமா எட்டும்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த மீன் எல்லாம் லூர் இழுபடும்போது கடிக்கிறதை விட இறங்கும்போது கடிக்கிறதுதான் அதிகம். அதனால இறங்குறதை எண்ணணும். வீசுங்க, பெயிலை (ரீல்ல நூலைப் பிடிக்கிற கம்பி வளைவு) கையால மூடுங்க, தொய்வை எடுங்க, ராட் நுனியைக் கொஞ்சம் உசத்தி வச்சு ஒண்ணு, ரெண்டுனு எண்ணுங்க. தண்ணி மேல கிடக்கிற நூலை மட்டும் பாருங்க. நூல் மெல்ல மெல்லத் தண்ணிக்குள்ள நழுவிட்டே இருக்கும். தரையைத் தொட்டதும் நழுவுறது நின்னு நூல் சோர்ந்து படுக்கும். எட்டு எண்ணும்போது படுத்துச்சுன்னா அந்த இடத்து ஆழம் எட்டு. அடுத்த வீச்சுல ஆறு எண்ணுனதும் நுனியை ஒரு சாண் ரெண்டு தட்டு தட்டி, மறுபடி மூணு எண்ணுற வரைக்கும் இறங்க விடுங்க. ராட் நுனி நூலை லேசா இழுத்துப் பிடிச்ச மாதிரியே ஜிக் இறங்கணும். முழுசாத் தொய்வு விட்டா கடி தெரியாது.

எட்டுல நிக்க வேண்டியது அஞ்சுலயே நின்னா அது தரை இல்ல, மீன். நூல் பக்கவாட்டுல ஒரு விரக்கடை நகர்ந்தாலும் மீன்தான். விராலுக்குக் கொடுக்கிற மாதிரி தோளோட வெட்டி இழுக்காதீங்க. மணிக்கட்டு அளவு தூக்கி ரீலை அரைச் சுத்து சுத்துனா போதும். கீச்சான் வாய் சின்னது, பாறைக்குட்டி உதடு மெல்லிசு, கிழிஞ்சு போயிடும்.

டிராக் 700 கிராம் அளவுல வைங்க. அளக்கத் தராசு வேண்டாம்: முக்கால் லிட்டர் தண்ணி பாட்டில்ல நூலைக் கட்டி, ரீலை மட்டும் கையில பிடிச்சுத் தூக்குங்க. பாட்டில் தரையை விட்டுக் கிளம்பும்போது டிராக் மெதுவா வழுக்கணும். ராட் வளையுறப்ப வளையங்கள்ல உரசி இழுவை இன்னும் கூடும், அதுக்கும் சேத்து இடம் விட்டதுதான் இந்தக் கணக்கு.

அந்த அரைவட்டம் பேத்தை மீன் வேலை. அது பல்லு கிளி அலகு மாதிரி ஒட்டிக் கிடக்கும், ரப்பரைக் கேக் வெட்டுற மாதிரி வெட்டும். ஒரு இடத்துல ரெண்டு வால் போச்சுன்னா 30 மீட்டர் தள்ளிப் போங்க. இல்லன்னா ரப்பரைக் கழட்டிட்டு 5 கிராம் மெட்டல் ஜிக் (உலோக லூர்) போட்டு வேகமா எடுங்க. மெதுவா வர்றதைத்தான் அது உக்காந்து தின்னும். மெட்டல் போட்டாலும் லீடர் கடைசி ஒரு சாணை விரல்ல உருவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டு மறுபடி கட்டுங்க.

வடகடலான்:

இடத்தைத் தீர்மானிப்பது ஊர்ப் பெயர் அல்ல, காற்று. 2 கிராம் பிழைப்பில் இது இன்னும் கறாரான விதி.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக்) காற்று. அப்போது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலையும் கலங்கலுமாக இருக்கும்; வடகடல், பாக் விரிகுடாப் பக்கம், குளம் போலக் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வாடை கிளம்பினால் நிலைமை தலைகீழ். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடங்கியிருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்ள அதுதான் நல்ல காலம்.

தொண்டி மதுரைக்குக் கிட்டம். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கரை மிக ஆழமில்லாதது. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாது, அடியில் சேறும் கடல்தாழை என்னும் கடற்புல்லும். திறந்த கொக்கி ஜிக் ஹெட் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கொத்துத் தாழையோடுதான் வரும். அங்கே போவதானால் கொக்கி முனை ரப்பருக்குள் மறையும் ஆஃப்செட் கொக்கி, அதில் ஒன்றரை கிராம் எடை, அதற்கு மேல் வேண்டாம். தாழைத் திட்டுகளுக்கு நடுவே வெளுப்பாகத் தெரியும் மணல் வாய்க்காலில் போட வேண்டும். தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும்; திருக்கை மணலில் புதைந்து கிடக்கும்.

ஒரே நாள் பயணத்துக்கு நான் மண்டபத்தையே சொல்வேன். 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, பரமக்குடி, ராமநாதபுரம் வழி, மூன்று மணி நேரம். நிலம் அங்கே ஒடுங்கிவிடுவதால் ஒரு பக்கம் காற்று சரியில்லை என்றால் ஆட்டோவில் ஏறி மறு பக்கம் போய்விடலாம். தொண்டியில் காற்று எதிராக நின்றால் வீடு திரும்புவது ஒன்றுதான் வழி.

இந்தக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே தண்ணீர் ஏறுகிறதா என்பதை விட நீவாடு (கடல் நீரோட்டம்) ஓடுகிறதா என்று பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு கூடும். அப்போது 2 கிராம் நிற்காது, 3 அல்லது 5 வேண்டும். நீவாடு வரும் பக்கமாக வீசி, ஜிக் உங்களைக் கடந்து இறங்கிப் போகும்படி விடுங்கள். படகுத்துறைத் தூண், கல்லடுக்கு, தாழை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பு, இந்த மூன்றையும் விட்டு வெறும் நீலத்தில் வீசுவது வீண்.

மீன் வாரியாக: கிழங்கானுக்கு மணலில் ஜிக்கை உரசி, கொஞ்சம் புழுதி கிளப்பி, நிறுத்த வேண்டும். பாறைக்குட்டிக்கு நடு ஆழத்தில் வேகம். களவாக்குட்டி கல்லிடுக்கை விட்டு ஒரு முழம் வெளியே வந்து கடித்துவிட்டு உடனே திரும்பும். அந்த முதல் இரண்டு நொடியில் ரீலைச் சுற்றித் தூக்கவில்லை என்றால் கதை முடிந்தது. முரல் மேற்பரப்பில் துரத்தும், அதன் அலகில் கொக்கி ஏறாது, துரத்தட்டும் என்று விட்டுவிடுங்கள். சீலாக்குட்டி வந்தால் 8 பவுண்டு லீடர் அறுந்தே தீரும். அதற்காகக் கம்பி லீடர் போட்டால் மற்ற மீன் பக்கத்தில் வராது.

போகக் கூடாத இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆழமில்லாத இடம்தானே என்று தீவுப் பக்கம் போக நினைக்காதீர்கள். கடற்குதிரையோ கடலட்டையோ கொக்கியில் மாட்டினால் அங்கேயே விட வேண்டும், இரண்டும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று வீசுவது வண்டிகளுக்கு நடுவே கொக்கி சுழற்றுவது, வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது, கரைத் தூண்டிலுக்கு அல்ல. கரைவலை இழுக்கும் இடத்திலும், வத்தைகள் (சிறு படகுகள்) நங்கூரம் போட்ட இடத்திலும் நாமே ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை. நங்கூரக் கயிற்றில் நம் கொக்கி மாட்டினால், மறுநாள் அந்தக் கயிற்றை இழுப்பவர் கையில் அது ஏறும்.

செல்லூர்_தூண்டி:

ரொம்ப நன்றிண்ணே. மண்டபமே போறேன். நூல் பந்தாகுறதைப் பத்தி யாரும் சொல்லலையே? அப்புறம் பிரெய்டையும் லீடரையும் எந்த முடிச்சுல சேக்கிறது? மெட்டல் ஜிக்ல வர்ற ட்ரெபிள் கொக்கியை அப்படியே விடலாமா?

முடிச்சவிழ்ப்பான்:

பந்துக்குக் காரணம் பெரும்பாலும் ரீல் கைப்பிடி. வீசி முடிச்சதும் கைப்பிடியைச் சுத்திப் பெயிலை மூடுறீங்க இல்ல? அப்ப நூல்ல ஒரு தொய்வான வளையம் ஸ்பூல் மேல உக்காந்துடும். அடுத்த வீச்சுல அந்த வளையம் பின்னாடி வர்ற பத்துச் சுத்தையும் சேத்து இழுத்துட்டு வெளிய வரும். கனமான லூர் தன் எடையிலேயே நூலை இறுக்கிக்கும். 2 கிராம் இறுக்காது. அதனால ஜிக் தண்ணியைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விரலால ஸ்பூல் விளிம்பைத் தொட்டு நூலைத் தடவி நிறுத்துங்க, பெயிலைக் கையால மூடுங்க, ராடோட முதல் வளையத்துக்கு முன்னாடி நூலைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுங்க. அப்புறம் சுத்துங்க. தட்டித் தட்டி எடுக்கிறப்பவும் தொய்வை விரலுக்கு நடுவுல விட்டு இறுக்கித்தான் சுத்தணும். பந்து விழுந்துட்டா இழுக்காதீங்க, இறுகிடும். வளையத்தை ஊசிமுனையால ஒவ்வொண்ணா மேல தூக்குங்க.

முடிச்சு: வீட்டுல பழகிட்டுப் போறதுன்னா எஃப்.ஜி. லீடரை இறுக்கிப் பிடிச்சுட்டு பிரெய்டை மேலயும் கீழயுமா மாத்தி மாத்திப் பத்துப் பத்து, மொத்தம் இருபது சுத்து. ரெண்டையும் சேத்து ஒரு அரைமுடிச்சு, எச்சில் தொட்டு நல்லா இழுத்தா பிரெய்ட் நிறம் கறுத்துத் தெரியும். கறுக்கலன்னா பிடிக்கல, அவிழ்த்துட்டு மறுபடி. அப்புறம் மேலயும் கீழயுமா நாலு அரைமுடிச்சு, லீடர் மீதியை ஒட்ட வெட்டி, பிரெய்ட்ல மட்டும் இன்னும் மூணு. கரையில காத்துல இது வராது. அங்க அறுந்தா டபுள் யூனி போடுங்க, பிரெய்ட் பக்கம் எட்டுச் சுத்து, லீடர் பக்கம் நாலு. கொஞ்சம் தடிப்பு, ராட் வளையத்துல டக்குனு இடிக்கும். அதான் லீடரை மீட்டருக்குள்ள வைக்கச் சொல்றது: வீசுறப்ப முடிச்சு ராட் நுனிக்கு வெளிய தொங்கணும்.

ட்ரெபிளைக் கழட்டிடுங்க. கல்லுல மூணு முனையும் மாட்டும். ஜிக்கோட முன் வளையத்துல ஒத்தை அசிஸ்ட் கொக்கி (குட்டைக் கயித்துல தொங்குற கொக்கி) போதும். கொக்கியோட எதிர்முள்ளைக் குறடால நசுக்கிடுங்க, சின்ன மீனை விடுறதுக்கும் லேசு, நம்ம விரல்ல ஏறுனாலும் லேசு.

வடகடலான்:

கையாள்வதில் ஒன்று. ஓரா, கெளுத்தி இரண்டின் முள்ளிலும் விஷம் உண்டு. கீச்சானின் செவுள் மூடியில் கத்தி போன்ற முள், துணியோடு பிடியுங்கள். அடையாளம் தெரியாத, கல் போன்ற மீன் வந்தால் கையால் தொடாமல் குறடால் கொக்கியைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் லீடரை வெட்டுங்கள். குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டு போவது டீக்கு மட்டுமல்ல. ஆனால் கல்மீன் என்று சந்தேகம் இருந்தால் முக்கிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பேத்தையை எவ்வளவு வேகவைத்தாலும் விஷம் போகாது, அதை வீட்டுக்கு எடுத்து வரவே கூடாது.

ரெண்டுகிராம்:

திரும்பி வந்ததும் ரீலைக் கழுவுறது பத்தி: முதல்ல டிராக்கை முழுசா இறுக்குங்க, இல்லன்னா தண்ணி வாஷருக்குள்ள போகும். குழாயை வேகமா அடிக்காம, மெதுவா ஊத்துற தண்ணியில அரை நிமிஷம். காஞ்சதும் டிராக்கைத் தளர்த்தி வைங்க. நம்ம ஊர் போர் தண்ணியே சில தெருவுல பாதிக் கடல். கழுவிட்டு அப்படியே காய விட்டா வெள்ளை பூத்துடும், கேன் தண்ணியில துணியை நனைச்சு ஒரு தடவை துடைச்சுடுங்க. கடல்ல நனைஞ்ச ஜிக்கை மத்ததோட ஒரே டப்பாவுல போடாதீங்க, ஒண்ணு துருப்பிடிச்சா எல்லாத்துக்கும் ஒட்டும்.

ரப்பர் மீனை வண்டி டிக்கியில விட்டுடாதீங்க. மதுரை வெயில்ல வால் சுருண்டு காஞ்சுடும், சுருண்ட வால் ஒரு பக்கமாச் சுத்தி நூலை முறுக்கும். அப்புறம் மறுபடி பந்துதான். ஏற்கெனவே சுருண்டதை வெந்நீர்ல பத்து நொடி முக்கி, நேரா நீட்டி, பச்சைத் தண்ணியில போட்டா பழைய வடிவத்துக்கு வந்துடும். நல்லா நீளுற டி.பி.ஈ. வகை ரப்பரை மட்டும் சாதா ரப்பரோட ஒரே பையில வைக்காதீங்க, ரெண்டும் உருகிக் களியாயிடும்.