உதவி: கொம்பியூட்டர் இடைக்கிடை இறுகி நிக்குது, அப்பான்ர தவில் பதிவு அறுந்து போகுது

இணுவில் மகள்:
வணக்கம். ஒரு மாதமா எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் இடைக்கிடை இறுகிப் போகுது. சிலவேளை அஞ்சு செக்கன், சிலவேளை அரை நிமிஷம். பிறகு ஒண்டும் நடக்காத மாதிரித் தானா ஓடும். நாளைக்கு எட்டுப் பத்துத் தரம் வரும்.

அப்பா தவில்காரர். போன வருஷம் காலமாயிட்டார். 1980களில கோயில் திருவிழாக்களில அவர் வாசிச்ச மேளச்சமா நாப்பது கசற்றுக்கு மேல வீட்டில இருக்குது. ஒவ்வொண்டா ரெக்கோடரில ஓடவிட்டு ஒடாசிற்றி எண்ட பதிவு மென்பொருளில ஏத்திக்கொண்டு வாறன், இதுவரைக்கும் பதினொண்டு முடிஞ்சுது. கொம்பியூட்டர் இறுகிற நேரம் பதிவும் அறுந்து போகுது. தனியாவர்த்தனத்தின்ர நடுவில நாலு செக்கன் இல்லாமல் போனால் பிறகு தாளமே பிடிபடாது. பழைய நாடாக்கள், ரெண்டாந்தரம் ஓடவிடப் பயமா இருக்குது. ஒண்டு ஏற்கனவே சிக்கிப் போச்சுது.

ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. விண்டோஸ் இருக்கிறது சாட்டா கேபிளால பூட்டின எஸ்எஸ்டி டிஸ்க்கில. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நெல்லியடித் தம்பி:
அக்கா, போர்மற் பண்ணி விண்டோஸைப் புதுசாப் போடுங்கோ. 8 ஜிபி காணாது, இன்னொரு 8 போட்டால் பறக்கும்.

குருநகர்:
எங்கட பக்கம் உப்புக் காத்து. ராம் காலெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி வரும், கழட்டி அழிறப்பராலை தேய்ச்சுப் போட்டால் சரி. இணுவிலில அந்தளவுக்கு இராது எண்டாலும் பாருங்கோ. கறண்ட் ஏறி இறங்கிறதாலயும் இருக்கலாம்.

சுன்னாகம் அண்ணை:
தங்கச்சி, போர்மற் இப்ப வேண்டாம். முதல் வேலையா, ஏத்தின பதினொரு கசற்றையும் வெளி டிஸ்க் ஒண்டிலயும் பென் ட்ரைவ் ஒண்டிலயும் கொப்பி பண்ணுங்கோ. கோளாறு என்னெண்டு தெரியிற வரைக்கும் அப்பான்ர நாடா ஒண்டையும் ஓடவிடாதேங்கோ. பதிவைச் சோதிக்கிறதெண்டால் போனில றேடியோவைப் போட்டுப் பதிஞ்சு பாருங்கோ.

கறண்ட் குறைஞ்சால் கொம்பியூட்டர் நிண்டுபோகும், இல்லாட்டி தானா ரீஸ்ராட் ஆகும். அரை நிமிஷம் இறுகிட்டுத் திரும்ப வராது. சூடு கூடினாலும் வேகம்தான் குறையும், இப்பிடிக் கட்டையா நிக்காது.

எனக்கு மூண்டு விஷயம் தெரியவேணும். இறுகிற நேரம் மவுஸ் அம்பு அசையுதோ? டாஸ்க் மனேஜரைத் திறந்தே வைச்சிருந்தால் அந்த நேரம் டிஸ்க் எண்ட இடத்தில என்ன காட்டுது? இது தொடங்கினது எப்ப, அதுக்கு முதல் வீட்டில என்ன நடந்தது?

மானிப்பாய்:
ரைசன் எண்டபடியால் ஒண்டு சொல்லிறன். எஃப்டிபிஎம் எண்டு புரொசசருக்குள்ளேயே ஒரு பாதுகாப்புப் பகுதி இருக்குது. அது மதர்போட்டில இருக்கிற பயோஸ் (கொம்பியூட்டரைத் தொடக்கிற மென்பொருள்) சிப்போட நீண்ட நேரம் கொடுக்கல் வாங்கல் செய்யிற வேளையில முழுக் கொம்பியூட்டரும் கொஞ்சம் நிண்டுபோகும். 2022 மார்ச்சில ஏஎம்டியே இதை அறிவிச்சது. அந்த வருஷம் மே மாதத்தில இருந்து திருத்தின பயோஸ் வரத் தொடங்கினது. உங்கட பயோஸ் என்ன திகதி?

இணுவில் மகள்:
ரெண்டு நாள் பாத்து எழுதிறன். பயோஸ் 2023 எண்டு காட்டுது. மவுஸ் அம்பு அசையுது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது. பிறகு தட்டினதெல்லாம் ஒரேயடியாத் திறக்கும். டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100 வீதம், ஆனால் வாசிக்கிறதும் எழுதிறதும் 0. இது எப்பிடி எண்டுதான் விளங்கேல்லை.

தொடங்கினது தைப்பொங்கலுக்குப் பிறகு. வீட்டுக்கு வெள்ளையடிக்க மேசையை நகர்த்தினம். அப்ப அண்ணான்ர மகன் பெட்டியைத் திறந்து தூசி தட்டித் தந்தவன்.

சுன்னாகம் அண்ணை:
நல்லாப் பாத்திருக்கிறியள். அம்பு அசையுது, பயோஸும் புதுசு எண்டால் மானிப்பாய்க்காரர் சொன்ன கோளாறை ஒருபக்கம் வைக்கலாம். அதில மவுஸும் சேர்ந்து நிக்கும், சத்தமும் உறுமும், ஒண்டு ரெண்டு செக்கனில விட்டிடும்.

100 வீதமும் 0வும் சேர்ந்து வாறது எண்டால், விண்டோஸ் டிஸ்க்கிட்ட ஒண்டைக் கேட்டுப்போட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிக்குது. பதில் வராட்டி அந்த இணைப்பை ரீசெற் பண்ணித் திரும்பக் கேக்கும். அதுவரைக்கும் நீங்கள் தட்டினதெல்லாம் வரிசையில நிண்டு, வழி விட்டவுடனை ஒண்டாய் வரும். புது ராம் போட்டு இதைத் திருத்தேலாது.

விண்டோஸ் தன்ர பிழைகளைக் குறிச்சு வைக்கிற இவென்ற் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ், அதுக்குள்ள சிஸ்ரம். அங்க 129 எண்ட இலக்கமும் (டிஸ்க் இணைப்பை ரீசெற் பண்ணினதுக்கான குறி) ஸ்ரோர்ஏஎச்சிஐ எண்ட பெயரும் இறுகின நேரங்களோட பொருந்துதோ பாருங்கோ. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட இலவச மென்பொருளையும் போட்டு, எஸ்எஸ்டியின்ர சி7 வரியில இருக்கிற எண்ணை எழுதுங்கோ. அது பதினாறின் அடியில காட்டும், செற்றிங்கில பத்தின் அடிக்கு மாத்தலாம்.

இணுவில் மகள்:
129 வரிசையா நிக்குது அண்ணை! நான் கொப்பியில குறிச்ச ஒவ்வொரு நேரத்துக்கும் ஒண்டு. சி7 நேற்று 412, இண்டைக்கு 431. எஸ்எஸ்டி பழுதாப் போச்சுதோ?

சுன்னாகம் அண்ணை:
அவசரப்படாதேங்கோ, சந்தோசப்படுற செய்தியாத்தான் இருக்கும். எஸ்எஸ்டியே உள்ளுக்கை பழுதாகினால் 05 மாதிரி வேற வரிகள் ஏறும். சி7 எண்டது வழியில வந்த பிழை. சாட்டா கேபிளால போற ஒவ்வொரு பொதியோடயும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். அந்தப் பக்கம் கணக்குப் பொருந்தாட்டி பொதியைத் தள்ளிவிட்டுத் திரும்பக் கேக்கும், சி7 ஒண்டு ஏறும். அதாலதான் உங்கட கோப்புகள் கெடாமல், நேரம் மட்டும் போகுது. ஆனால் ஒடாசிற்றி டிஸ்க்கில எழுத ஏலாமல் நிக்கேக்க, ரெக்கோடர் அதுக்காகக் காத்திராது, நாடா ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கட நாலு செக்கன் போனது அங்கதான்.

தூசி தட்டேக்க கேபிள் இழுபட்டிருக்கும், இல்லாட்டி மூடியைப் போடேக்க மடிஞ்சிருக்கும். கொம்பியூட்டரை நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி, ரெண்டு முனையையும் பாருங்கோ. கேபிளை மாத்திறதே நல்லது, விலை பெரிசில்லை. மதர்போட்டில வேற சாட்டா வாய் இருந்தால் அதில குத்துங்கோ. பவர் வயரையும் ஒருக்கா அமத்திவிடுங்கோ. சி7 திரும்பக் குறையாது, அது சேர்ந்துகொண்டு போற கணக்கு. ஏறாமல் நிண்டால் போதும்.

நெல்லியடித் தம்பி:
நான் போர்மற் எண்டு சொன்னது பிழை அக்கா. அந்தக் கேபிளோட போர்மற் பண்ணியிருந்தால் நடுவிலயே நிண்டிருக்கும். இனி நானும் முதல்ல லொக்கைப் பாக்கிறன்.

இணுவில் மகள்:
அஞ்சு நாள் கழிச்சு எழுதிறன். மூடியைத் திறந்தவுடனேயே தெரிஞ்சுது. கேபிள் பக்கத்து மூடிக்கும் டிஸ்க் கூட்டுக்கும் இடையில நெரிபட்டு மடிஞ்சிருந்தது, மதர்போட் பக்க முனை அரைவாசிதான் உள்ளுக்கை. அண்ணான்ர மகனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை, அவனே புதுக் கேபிள் வாங்கிக்கொண்டு வந்து பூட்டினவன்.

சி7 431இலேயே நிக்குது. 129 புதுசா ஒண்டும் இல்லை. றேடியோவை ரெண்டு மணித்தியாலம் பதிஞ்சு பாத்தன், ஓரிடமும் அறுகேல்லை. பிறகுதான் நேற்றுப் பின்னேரம் அப்பான்ர சி-90 ஒண்டைப் போட்டன். ஒரு பக்கம் 45 நிமிஷம், மல்லாரியில தொடங்கித் தனி முடியிற வரைக்கும் முழுசா வந்திருக்குது. அம்மா பக்கத்தில இருந்து கடைசி வரைக்கும் கேட்டவ.

அண்ணை, உங்களுக்குப் பெரிய நன்றி. சிக்கின அந்த ஒரு கசற்றுக்கும் வழி இருக்குதோ?

குருநகர்:
இருக்குது. கசற் கூட்டில அஞ்சு சின்ன ஆணி இருந்தால் கழட்டலாம். இன்னொரு நல்ல கூட்டை எடுத்து, ரெண்டு சுருளையும் அப்பிடியே அதுக்குள்ள மாத்தி வையுங்கோ, நாடாவைக் கையால தொடாமல். ஒட்டின கூடெண்டால் படம் ஒண்டு போடுங்கோ, பாத்துச் சொல்லிறன்.