பத்திரம் கையில் இல்லாமல் வங்கி வீட்டை ஏலம் விடலாமா?

செந்தில்_டல்லஸ்:
2008 வீட்டுக் கடன் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் வீடு இழந்தவர்களுக்காக இன்னும் பலர் வங்கிகளைத் திட்டுகிறார்கள். கடன் வாங்கினார்கள், மாதக்கணக்கில் தவணை கட்டவில்லை, வீடு ஏலத்துக்குப் போனது. ஏதோ ஒரு காகிதம் சரியில்லை என்பதற்காக வீட்டை இலவசமாகவா கொடுக்க முடியும்?

மீனாட்சி:
இலவச வீடு யார் கேட்டார்கள்? ஏலம் விட்டவருக்கு அந்தக் கடன் சொந்தமா என்பதுதான் கேள்வி. கடன் கொடுத்தவர் அதை உடனே விற்றுவிடுவார், வாங்கியவர் ஆயிரக்கணக்கான கடன்களோடு சேர்த்து ஒரு டிரஸ்டில் போட்டு முதலீட்டாளர்களிடம் விற்பார். ஒவ்வொரு கைமாற்றத்தையும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிவு செய்வதுதான் பழைய வழக்கம். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பெரிய வங்கிகளும், வீட்டுக் கடன்களை மொத்தமாக வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களும் சேர்ந்து 1990-களில் மெர்ஸ் என்ற தனியார் பதிவேட்டைத் தொடங்கின. கவுண்டி ஏட்டில் மெர்ஸ் பெயர் மட்டும் நிற்கும், உள்ளே கடன் எத்தனை கை மாறினாலும் வெளியே தெரியாது. ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்க்கும்போது உண்மையான பெயரே வராது என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

செந்தில்_டல்லஸ்:
சரி, கடன் யார் கைக்குப் போனால் என்ன? மாதாமாதம் பில் அனுப்புகிறவருக்குக் கட்டினால் போதுமே. கட்டாததால்தானே பிரச்சினை.

ரஃபீக்:
நீதிபதிகளே அப்படி நினைக்கவில்லை. 2007-லேயே ஓஹாயோவில் ஒரு ஃபெடரல் நீதிபதி, கடன் தன்னுடையது என்று வங்கியால் காட்ட முடியாததால் 14 வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2010-ல் ஜிஎம்ஏசி என்ற வீட்டுக் கடன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், மாதம் சுமார் 10,000 ஆவணங்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சத்தியம் செய்து சொன்னார். ஜார்ஜியாவில் ஒரு நிறுவனம் இன்னும் மோசம். எழுதச் சுலபமான பெயர் என்று ஒரு பெண் ஊழியரின் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஆளாளுக்கு அதையே கையெழுத்தாகப் போட்டார்கள், ஒரு தாளில் அவர் ஒரு வங்கியின் துணைத் தலைவர், அடுத்த தாளில் வேறொரு வங்கிக்குத் துணைத் தலைவர்!

செந்தில்_டல்லஸ்:
அது மோசடி, உள்ளே தள்ளட்டும். ஆனால் அந்த வழக்குகளில் ஒழுங்காகத் தவணை கட்டியவர் எத்தனை பேர்? ப்ளோரிடாவில் வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன, காலி வீட்டு நீச்சல் குளத்தில் பாசி பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்கும் விலை போகவில்லை. அவர் என்ன தப்பு செய்தார்?

ரஃபீக்:
என் அக்கா என்ன தப்பு செய்தாள்? வேலை போனதும் தவணையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பித்தாள். வரவில்லை என்று அதே சம்பளச் சீட்டையும் வரிப் படிவத்தையும் திரும்பத் திரும்ப ஃபாக்ஸ் பண்ணச் சொன்னார்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே அதே வங்கியின் இன்னொரு பிரிவு ஏலத் தேதி குறித்துவிட்டது. 2012-ல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடு 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டதே, அதில் இந்த இரட்டை வேலையும் ஒரு புகார்.

செந்தில்_டல்லஸ்:
உங்கள் அக்காவுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனாலும் கடன் கடன்தான். நானே ஏலத்தில் போன வீட்டை வங்கியிடமிருந்து வாங்கிக் குடியிருக்கிறேன், என்னை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது.

மீனாட்சி:
அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் இரண்டு ஏலங்களைச் செல்லாது என்றது, ஏலத்தன்று அடமானம் அந்த வங்கிகளின் பெயருக்கு மாறியிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், அப்படியொரு ஏலத்துக்குப் பிறகு வங்கியிடம் வீடு வாங்கியவருக்கு அதில் உரிமையே இல்லை என்றது, அவர் எந்தத் தவணையும் பாக்கி வைக்கவில்லை. நீங்கள் இருக்கும் டெக்சாஸில் சட்டம் வேறு, சரி. இருந்தாலும் கவுண்டி ஏட்டை எடுத்து, ஏலத் தேதிக்கு முன்பே அடமானம் அந்த வங்கி பெயருக்கு வந்ததா என்று பாருங்கள், உங்கள் டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு தரும் காப்பீடு) எதற்கெல்லாம் பொறுப்பு ஏற்கிறது என்றும் படித்துவிடுங்கள்.