பெரியப்பாவின் பீகிள் கிளப்

குழு: நம்ம குடும்பம்
ஞாயிறு, மாலை 5.10

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: பரண் பெட்டியில் கிடைத்தது. 1986 குளிர்காலத்து மீட் கார்டு. சட்டைப் பையில் அடங்குகிற மடிப்பு அட்டை. எந்தச் சனிக்கிழமை, எந்தப் பண்ணை, எந்தப் பப் வாசல், எத்தனை மணி, அவ்வளவுதான் இருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கிலாந்தில் எங்கள் ஊருக்கு அதுதான் காலண்டர்.

நான்: என்ன மீட்டிங் பெரியப்பா?

பெரியப்பா: மீட்டிங் இல்லைப்பா, முயல் வேட்டை. குதிரை கிடையாது, துப்பாக்கி கிடையாது. பீகிள் நாய்கள் முன்னால் போகும், நாங்கள் பின்னால் நடந்தும் ஓடியும் போவோம். யார்க்‌ஷயர் கிராமத்துக்கு டாக்டராகப் போன புதிதில் கிளினிக்குக்கு வெளியே என்னோடு பேச ஆள் இல்லை. ஒரு விவசாயி, என் பேஷன்ட், “சனிக்கிழமை நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றார். போனேன். அப்புறம் விடவே இல்லை.

மதுரை அத்தை: அண்ணா, முயலைக் கொன்றுவிடுமா?

பெரியப்பா: பிடித்தால் கொன்றுவிடும்மா. ஆனால் பல சனிக்கிழமைகள் வெறுங்கையோடுதான் திரும்புவோம். அந்த ஊர்க் காட்டு முயல் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். பீகிள் 40 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஓடி முந்தவே முடியாது, எல்லாம் மூக்குதான்.

கோவில்பட்டி சித்தப்பா: அண்ணே, நம்ம பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டுகிற ஜாதி. முயல் பார்வையை விட்டு மறைந்தால் கதை முடிந்தது. இது நேர் எதிராக இருக்கிறதே.

பெரியப்பா: ஆமாம்டா. சிப்பிப்பாறைக்குச் சில நிமிஷ வேலை. பீகிளுக்கு ஒரு மணி, இரண்டு மணி ஆகும். காட்டு முயல் வளை தோண்டாது, தனக்குப் பழக்கமான வயல்களையே பெரிய வட்டமாகச் சுற்றும். சில சமயம் வந்த தடத்திலேயே திரும்பி ஓடி, பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவிப் படுத்துக்கொள்ளும். நாய்கள் அந்த இடத்துக்கு வந்ததும் மோப்பம் அறுந்துவிடும். மலையே அதிர்ந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நிற்கும்.

பெரியப்பா: அந்த நேரத்தில்தான் ஹன்ட்ஸ்மேன், அதாவது நாய்களை நடத்துகிறவர், எப்படிப்பட்டவர் என்று தெரியும். அவசரக்காரர் தாமிரக் கொம்பை ஊதி நாய்களை அங்கும் இங்கும் இழுப்பார். நல்ல ஹன்ட்ஸ்மேன் அசையாமல் நிற்பார். நாய்கள் நாலா பக்கமும் பரவி, தலையைக் குனிந்து, ஒவ்வொரு புல்லாகத் தேடும். ஒன்று வாலை ஆட்டும், லேசாக முனகும். மற்றவை நம்பாது. பழகிய கிழ நாய் ஒன்று அதே இடத்தில் குரல் கொடுத்த பிறகுதான் மொத்தக் கூட்டமும் பாய்ந்து வரும். எந்த நாய் வீணாகக் குரைக்கும், எதை நம்பலாம் என்று ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்.

நான்: எத்தனை நாய் இருக்கும்?

பெரியப்பா: அங்கே ஜோடிக் கணக்குதான். 25 நாய் என்றால் பன்னிரண்டரை ஜோடி என்பார்கள்.

லீட்ஸ் அக்கா: அப்பா முக்கியமானதை விட்டுவிட்டார்! அந்தக் குட்டிகளை வளர்த்தது ஊர்தான். கென்னலில், அதாவது கிளப்பின் நாய்க்கொட்டிலில், பிறந்த குட்டிகள் கொஞ்சம் பெரிதானதும் வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்துவிடுவார்கள். கோழியைத் துரத்தக் கூடாது, ஆட்டைக் கண்டால் சும்மா போக வேண்டும், டிராக்டர் சத்தத்துக்கு மிரளக் கூடாது. கென்னலுக்குள்ளேயே கிடந்தால் இதெல்லாம் வராது. சில மாதத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

லீட்ஸ் அக்கா: அப்புறம் கோடையில் பப்பி ஷோ. வெள்ளைக் கோட் போட்டவர்கள் நம் குட்டியைப் புல்தரைக்குக் கொண்டுவந்து, பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டு ஓடவிடுவார்கள். வெளியூர் நடுவர் பாதம், தோள்பட்டை, நடை எல்லாம் பார்ப்பார். ஜெயித்தால் வளர்த்த வீட்டுக்கு வெள்ளி ஸ்பூன்.

பெரியம்மா: அந்த ஸ்பூனை என் சீர் வெள்ளியோடு வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: வேட்டை முடிந்தால் யாராவது ஒரு வீட்டில் டீ. அவித்த முட்டை, சாசேஜ், ஃப்ரூட் கேக். என் முறை வந்தபோது உருளைக்கிழங்கு போண்டா போட்டேன், ஒன்று மிஞ்சவில்லை. சேற்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு எல்லாரும் சாக்ஸ் காலோடு சமையலறைக்கே வந்துவிடுவார்கள். நிலக்காரர், டீச்சர், கல் மதில் கட்டுகிறவர், எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் பேசத் தைரியம் வந்ததே அங்கேதான்.

நான்: இதெல்லாம் பெரிய பணக்காரர்கள் சமாசாரம் என்றல்லவா நினைத்தேன்?

பெரியப்பா: அதுவும் உண்டு. ஈட்டன் பள்ளிக்குச் சொந்தமாக பீகிள் கூட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக் கூட்டம் 1862இல் தொடங்கியது. எங்கள் பள்ளத்தாக்கில் மில் தொழிலாளர்களும் பண்ணையாட்களும்தான் அதிகம். குதிரை வாங்க வசதி இல்லாதவனுக்கும் இரண்டு கால் இருக்கிறதே.

பெரியப்பா: அந்தச் சனிக்கிழமைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது எனக்கு 2001இல்தான் புரிந்தது. பிப்ரவரியில் கோமாரி நோய் வந்தது. வேட்டையை நிறுத்திவிட்டார்கள். நடைபாதைகளை அடைத்தார்கள். ஒரு பண்ணைக்காரர் அடுத்த பண்ணைக்குப் போகவே பயந்தார். தூக்கம் வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களுக்கு மாத்திரை எழுதினேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது மாத்திரை இல்லை. பக்கத்தில் நடந்தபடி மழையைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச ஒரு ஆள்.

மதுரை அத்தை: அது சரி அண்ணா. ஆனால் மனிதர்கள் கூடிப் பேச ஒரு உயிர் போக வேண்டுமா?

பெரியப்பா: வேண்டாம்மா. 2002 செப்டம்பர் 22 அன்று வேட்டையைத் தடை செய்யக் கூடாது என்று லண்டனில் நாலு லட்சம் பேருக்கு மேல் ஊர்வலம் போனார்கள், அதில் நானும் நடந்தேன். அந்த டீ மேசைக்காக நடந்தேன். ஆனால் நனைந்து, முதுகு வளைந்து, அடுத்த மேடு ஏற முடியாமல் நின்ற முயலையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2004இல் நாய்களை விட்டு வேட்டையாடுவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது, 2005 பிப்ரவரி 18 முதல் அமல். அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நியாயம் முயலின் பக்கம்தான்.

கோவில்பட்டி சித்தப்பா: அப்போ கிளப் மூடிவிட்டதா?

லீட்ஸ் அக்கா: இல்லை சித்தப்பா, நான் என் பிள்ளைகளோடு இன்னும் போகிறேன். சட்டத்தில் வளை தோண்டி வாழும் குழிமுயலுக்கும் எலிக்கும் விலக்கு இருக்கிறது, காட்டு முயலுக்கு இல்லை. சில கிளப்கள் குழிமுயலுக்கு மாறின. நாங்கள் போகிற இடத்தில் மணம் தோய்த்த துணியை ஒருவர் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுவார், நாய்கள் அந்தத் தடத்தைப் பிடிக்கும். பழைய வேட்டையை மறைக்க இது ஒரு திரை என்று பல இடங்களில் புகார் உண்டு. இதையும் தடை செய்வதாக லேபர் கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் சொன்னது. உண்மையாகவே துணியை இழுத்து ஓடுகிறவர்களும் இருக்கிறோம், அதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மதுரை அத்தை: துணிதான் என்றால் நானும் வந்து நடக்கிறேன். டிசம்பரில் டிக்கெட் பார்க்கட்டுமா? அண்ணி, எனக்கு முட்டையும் வேண்டாம், சாசேஜும் வேண்டாம்.

பெரியம்மா: உனக்குத் தனியாகப் போண்டா போடுகிறேன், வா. பூட்ஸ் அளவை மட்டும் இப்போதே அனுப்பு. செருப்போடு வந்தால் முதல் வயலைக்கூடத் தாண்ட முடியாது.