கமிட் ஆகிறது, பிழைச் செய்தியும் இல்லை. குலைக் கணக்குத் திருத்தம் மட்டும் தரவுத்தளத்தில் ஏறவில்லை

தோட்டக்கணினி (சுங்கை சிப்புட்)

வணக்கம். செம்பனைத் தோட்ட அலுவலகத்துக்கான நிரல் இது: எழுதியது பைத்தானில், தரவுத்தளத்தோடு பேசும் நூலகம் எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அறுவடைக்காரர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு பதிவு. பெயரும் பிளாக் எண்ணும் தனி நெடுவரிசைகள். பழுத்த குலை, காய்க்குலை, உதிரிப்பழக் கிலோ மூன்றும் ‘விவரம்’ என்ற ஒரே ஜேசன் (சாவி-மதிப்பு இணைகளை ஒன்றாக வைக்கும் வகை) நெடுவரிசையில் இருக்கின்றன.

கிராணி (அலுவலக எழுத்தர்) காய்க்குலையை 12இலிருந்து 7 ஆக்கிச் சேமிக்கிறார். திரையில் 7 வருகிறது. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால் பழையபடி 12. பிளாக் எண்ணையும் சேர்த்து மாற்றினால் பிளாக் எண் மட்டும் பதிகிறது. செஷனில் எக்ஸ்பயர்_ஆன்_கமிட்டை (கமிட்டுக்குப் பின் நினைவகப் பொருளைக் காலாவதியாக்கும் அமைப்பு) அணைத்து வைத்திருக்கிறோம். காய்க்குலைக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, ஆகவே செக்ரோல் (சம்பளப் பட்டியல்) முடிவதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். எங்கே தேடுவது?

ஈப்போ_நிரலர்

எதையும் மாற்றாதீர்கள். முதலில் எஞ்சினில் எக்கோவை இயக்கிவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்து, பதிவேட்டில் ஓடும் வரிகளைப் பாருங்கள்.

அப்டேட், அதன் பின் கமிட் என்று வந்தால் எழுத்து நடந்துவிட்டது. நீங்கள் வேறு தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறீர்கள், இணைப்பு முகவரியை அச்சிட்டுச் சரிபாருங்கள். அப்டேட் வந்து ரோல்பேக்கில் முடிந்தால் கமிட்டை எட்டும் முன்பே செஷன் மூடப்படுகிறது. அப்டேட்டே இல்லை என்றால், மாற்றம் நடந்தது ஓஆர்எம்முக்கு (பைத்தான் பொருள்களை அட்டவணை வரிகளோடு இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமிப் பகுதி) தெரியவில்லை. அந்தப் பதிவு இந்தச் செஷனைச் சேர்ந்ததுதானா என்பதையும் பாருங்கள். மெர்ஜ் பயன்படுத்தினால் அது திருப்பித் தரும் பொருளில்தான் திருத்த வேண்டும். நீங்கள் உள்ளே கொடுத்த பொருள் செஷனுக்கு வெளியேதான் நிற்கும்.

தோட்டக்கணினி

பிகின், செலக்ட், கமிட். அப்டேட் வரவில்லை. பதிவு அதே செஷனில்தான் இருக்கிறது. திருத்திய விவரத்தை மறுபடி அதே விவரத்துக்கே ஒதுக்கியும் பார்த்தேன். செஷனின் டர்ட்டி (மாறியவை) பட்டியலில் பதிவு தெரிகிறது, அப்படியும் அப்டேட் போகவில்லை.

கம்பார்_தரவு

நோய் அங்கேதான். எஸ்க்யூஎல்ஆல்கெமி கவனிப்பது நெடுவரிசைக்குப் புதிய மதிப்பு ஒதுக்கப்படுகிறதா என்பதை மட்டும். டிக்ட்டின் (ஜேசன் பைத்தானில் வரும் சாவி-மதிப்புத் தொகுப்பு) உள்ளே ஒரு சாவியை மாற்றுவது பைத்தானுக்கும் அந்த டிக்ட்டுக்கும் இடையிலான வேலை. ஓஆர்எம்முக்குச் சேதி போவதில்லை. ஜேசன், ஜேசன்பி இரண்டுக்கும் இதே நிலைதான்.

மறுபடி ஒதுக்கியும் ஏன் நடக்கவில்லை? ஒதுக்கியதும் டர்ட்டி பட்டியலில் ஏறிவிடும். ஆனால் ஃப்ளஷ் (மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது) நேரத்தில் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒப்பிடப்படும். உங்களிடம் இரண்டும் ஒரே டிக்ட், இரண்டிலும் 7. வேறுபாடு இல்லை, அப்டேட்டும் இல்லை. டர்ட்டியை நம்பாமல் செஷனின் இஸ்_மாடிஃபைடைக் கேளுங்கள், அது உண்மையான வேறுபாட்டைச் சொல்லும்.

அவசரத்துக்கு: சாவியை மாற்றிய அடுத்த வரியில் ஃப்ளாக்_மாடிஃபைடைப் பதிவும் ‘விவரம்’ என்ற பெயரும் கொடுத்து அழையுங்கள். அது பழைய மதிப்பை மறக்கச் செய்வதால் அப்டேட் கட்டாயம் போகும். ஆனால் திருத்தும் இடம் ஒவ்வொன்றிலும் நினைவாக எழுத வேண்டும்.

நிலையாக: மாடலில் நெடுவரிசை வகையை மியூட்டபிள்டிக்ட்டின் ஆஸ்_மியூட்டபிளுக்குள் போடுங்கள். தரவுத்தள அட்டவணையில் எதுவும் மாறாது, மைக்ரேஷன் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: மேல்மட்டச் சாவிகளை மட்டுமே அது பார்க்கும். டிக்ட்டுக்குள் இன்னொரு டிக்ட்டோ லிஸ்ட்டோ இருந்து அதைத் திருத்தினால் பழைய கதைதான். அங்கே டீப்காப்பி எடுத்து, நகலைத் திருத்தி, நகலை ஒதுக்குங்கள். மேலோட்டமான நகல் போதாது. உள்ளே இருப்பது இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும், ஒப்பீடு மறுபடி சமமாகும்.

திரையில் 7 தெரிந்ததற்குக் காரணம் எக்ஸ்பயர்_ஆன்_கமிட் அணைந்திருப்பது. கமிட்டுக்குப் பிறகும் நினைவகப் பொருளையே காட்டுகிறீர்கள். சோதனைக்காவது அதை இயக்குங்கள், அல்லது புதுச் செஷனில் படியுங்கள்.

ஈப்போ_நிரலர்

காரணம் அதுவேதான். என்னைக் கேட்டால் இந்த மூன்று எண்களையும் ஜேசனில் வைக்கவே கூடாது. எந்நாளும் மாறாத மூன்று புலங்கள், ஆளின் சம்பளம் அவற்றைத்தான் நம்பியிருக்கிறது. தனித்தனி இன்டிஜர், நியூமெரிக் நெடுவரிசைகளாக்கினால் எதிர்மறை எண்ணைத் தடுக்கும் செக் விதியும் போடலாம்.

இன்னொன்று: ஜேசன் எப்போதும் முழுசாகவே எழுதப்படும். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) டேப்லெட்டிலிருந்து உதிரிப்பழக் கிலோவை அனுப்பும் அதே சமயம் கிராணி காய்க்குலையைத் திருத்தினால், பிந்தி எழுதியவர் முந்தியவரின் திருத்தத்தை அழித்துவிடுவார். மாடலில் வெர்ஷன்_ஐடி_கால் வைத்தால் இரண்டாமவருக்கு ஸ்டேல்டேட்டாஎரர் வரும். சத்தமில்லாமல் தொலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

தோட்டக்கணினி

மியூட்டபிள்டிக்ட் போட்டதும் அப்டேட் வரி வந்தது. புதுச் செஷனில் படித்தாலும் 7. நெடுவரிசைகளை அடுத்த மாதம் பிரிக்கிறேன். நன்றி அண்ணே. இதுவரை கிராணி செய்த திருத்தங்களைப் பேக்கப்பிலிருந்து எடுக்க வழி உண்டா?

கம்பார்_தரவு

இல்லை தம்பி. அப்டேட் சர்வருக்கே போகாததால் பேக்கப்பிலும் போஸ்ட்கிரெஸ் பதிவேட்டிலும் அவை இருக்காது. மண்டோரின் குலைப் புத்தகத்தோடு தேதி வாரியாக ஒப்பிட்டு மறுபடி ஏற்றுங்கள். பிடித்தம் விழுந்த பதிவுகளை முதலில் பாருங்கள், செக்ரோலை அதுவரை பூட்ட வேண்டாம்.